கட்டுரை சொல்லாத கையுறை

ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் எனக்குத் தீராத ஆசை. லண்டனில் ஹரோவிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் மற்றவர்கள் போனில் நாடகம் பார்ப்பார்கள். நான் நர்சிங் ஆய்வுகள் படிப்பேன். அப்படி ஒரு காலையில் அகப்பட்டதுதான் அந்தக் கட்டுரை. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது இன்னொரு நர்ஸ் நோயாளியின் கையை இதமாக அழுத்திப் பிடித்துவிட்டால் வலி நன்றாகக் குறைகிறதாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வார்டிலேயே அது தேவைப்பட்ட ஒருவர் இருந்தார்.

கிங்ஸ்பரியில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா அவர். காலில் ஆறாத புண். கட்டைத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்வார். சுத்தம் செய்ய விடாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், அவருடைய இதயம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

புதன்கிழமை என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் தோழி கட்டைப் பிரிக்க, நான் கையைப் பிடித்துவிட்டேன். முதல் சுற்று அவிழ்வதற்குள், "ஏலாது பிள்ளை, விடுங்கோ" என்று கையையும் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த எரிச்சல் கட்டுரையின் மேல்தான். வலி குறைந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், கையை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் செலவழித்திருந்தார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம், எண்ணெய் உண்டா, ஒன்றும் இல்லை. சமையல் குறிப்பில் 'குழம்பு வைக்கவும்' என்று மட்டும் எழுதியது போல. அதே கோபத்தோடு கட்டுரை எழுதிய அம்மையாருக்கு மின்னஞ்சல் தட்டி, என் போன் நம்பரையும் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் அவரே கூப்பிட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கேள்விகளை அடுக்கினேன். பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், "கையுறை போட்டால் அழுத்தம் சரியாகத் தெரிவதில்லை" என்று நான் போகிற போக்கில் சொன்னதும் இடைமறித்தார்.

"கையுறையா? நாங்கள் யாரும் போடவில்லையே. அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை."

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கட்டில் பக்கம் போனாலே கை தானாகக் கையுறைப் பெட்டிக்குப் போகும் பிழைப்பு எங்களுடையது. புண்ணைத் தொடுவது தோழி. நான் தொடுவது நல்ல தோல். சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கை போதும். வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வெறுங்கையால் பிடித்தேன். அவர் விரல்கள் என் விரல்களை இறுக்கிக்கொண்டன. தோழி கட்டைப் பிரித்தாள், சுத்தம் செய்தாள், புதுக் கட்டும் போட்டுவிட்டாள். அந்த அம்மா பல்லைக் கடித்தார், ஆனால் காலை இழுக்கவில்லை. மயக்க மருந்து வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடலாம். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"வலி குறைஞ்சுதாம்மா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நொந்ததுதான் பிள்ளை. ஆனா, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாப் பிறகு ஒரு மனிசக் கை என்னில பட்டது இண்டைக்குத்தான்."