சீதேவிப்பிள்ளையின் ஊதுகுழல்

கதிரவெளியில் சீதேவிப்பிள்ளையின் ஊதுகுழலுக்கு ஒரு கோணல் புத்தி இருந்தது. நேராகப் பிடித்து ஊதினால் அடுப்பு எரியாது. குழலின் அடி அடைத்துக் கிடக்கும். காற்று பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னத் துளையால்தான் வரும். குழலைச் சரித்து, துளையைக் கொள்ளிப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். தெரியாமல் ஊதிய மச்சாள்மாரெல்லாம் முகம் நிறையச் சாம்பலோடு எழும்பிப் போனதுதான் மிச்சம்.

கல்யாணம் முடித்த வருஷம் அவள் கணவர் சாமித்தம்பியின் வலையில் கடலோரக் களப்புச் சேற்றோடு வந்த இரும்பு அது. உளுத்த மரக்கட்டையையும், பக்கத்தில் துருவேறித் தொங்கிய ஏதோ கொக்கியையும் அவர் தட்டிக் கழற்றித் தண்ணீரிலேயே எறிந்துவிட்டு, குழலை மட்டும் மனைவியிடம் கொடுத்தார். வாய்ப்பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. அதில் கயிறு கட்டி அவள் சுவரில் மாட்டிவைத்தாள்.

சுனாமி சாமித்தம்பியையும் வீட்டையும் கொண்டுபோனது. மூன்றாம் நாள், அடுப்பு இருந்த இடத்து மணலைக் கிளறியபோது குழல் மட்டும் அகப்பட்டது. மனுசனை எடுத்துக்கொண்டு இரும்பைத் திருப்பித் தந்த கடலின் நியாயத்தை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்துக்குள், பதினேழு வயது நிரம்பிய ஒரே மகன் வினோஜனை, வீட்டுக்கு ஒருவர் போராட வரவேண்டும் என்று சொல்லி இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. அந்த மாதமே ஊருக்குள் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. ஒரு பானை, ஒரு பை உடுப்பு, குழல் ஆகியவற்றோடு அவள் காடு கடந்து அரசாங்கப் பக்கத்துச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கிருந்த பொலிஸ் சார்ஜன் குழலை வாங்கி, துப்பாக்கியைச் சோதிப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"இது துவக்கு."

"இல்ல சேர், ஊதுற குழல்."

"துவக்குக் குழல்."

"எனக்கு அது தெரியா. நான் ஊதுறது அடுப்ப."

அந்தச் சாவடியில் அதுவரை ஒருவரும் ஆயுதத்தோடு சரணடைந்ததில்லை. சார்ஜன் குழலைத் தடயப் பொருளாக எடுத்துக்கொண்டு, புதுப் பதிவேடு ஒன்றைச் சந்தோஷமாகத் திறந்தார். முதலாம் இலக்கம் சீதேவிப்பிள்ளை, வயது நாற்பத்தாறு. இயக்கத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டதற்கு, "அடுப்படிய விட்டுட்டு நான் எங்க போன?" என்றாள். பிரிவு: அடுப்படி என்று எழுதினார். அப்படி ஒரு பிரிவு எப்போது தொடங்கப்பட்டது என்று மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கடிதம் வந்தது.

ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஊர் அவளுக்காகப் பரிதாபப்பட்டது. அவளோ கதிரவெளிக்குத் திரும்பிய பிறகும், மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் பஸ் ஏறிவந்து கையெழுத்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் சரணடைந்தவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாருடைய பெயரும் அந்தப் பதிவேட்டில்தான் ஏறின.

"சேர், புத்தகத்த ஒருக்கா வாசிங்க. சாமித்தம்பி வினோஜன்."

சார்ஜன் கல் நெஞ்சுக்காரர் அல்ல. முதலாம் இலக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பார். அதற்கு நேரம் கிடைக்கும்வரை அவள் நிலையத்துக் குசினியில் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. பெயர்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன. வினோஜன் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக வந்த பெரிய அதிகாரி, பிடிபட்ட ஆயுதத்தை முறையாக மதிப்பிட வேண்டும் என்றார். பழம்பொருள் ஆராயும் ஏறாவூர் இப்றாஹிம், பூதக்கண்ணாடியும் தூரிகையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். குழலைக் கண்டதும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

"ஒல்லாந்தர் காலத்துப் பட்டாளத் துவக்கு. சக்கிமுக்கிக் கல்லு அடிச்சிப் பொறி பறந்து வெடிக்கிற சாமான். இருநூறு வருஷத்துக்கு மேல இரிக்கும்." குமிழைத் தடவினார். "இதிலதான் கத்தி பூட்டுற."

"கயிறும் கட்டலாம்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

"கல்லுப் பூட்டுற கொக்கி எங்க அக்கா?"

"அவர் அப்பவே களப்பில எறிஞ்சிற்றார்."

"இன்னா லில்லாஹி," என்று, சாவுச் செய்தி கேட்டவர்போல இப்றாஹிம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, சின்னத் துளைக்குள் தூரிகையை விட்டு எடுத்தார். கரி வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சேர், இதக் கிட்டடியில பாவிச்சிரிக்காங்க."

மூன்று வருஷமாகத் தடயப் பொருள் அறையில் பூட்டிக் கிடந்த துவக்கு. பெரிய அதிகாரி வாசற்கதவைச் சாத்தச் சொன்னார். கான்ஸ்டபிள்மார் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். யார் சுட்டது, யாரைச் சுட்டது, ஏன் சத்தம் கேட்கவில்லை என்று அரை மணித்தியாலம் விசாரணை நடந்தது. கடைசியில் குசினிக் கான்ஸ்டபிள் முன்னால் வந்தார்.

"விறகு ஈரம், சேர். இந்த அம்மாதான் சரிச்சுப் பிடிச்சு ஊதக் காட்டித் தந்தவ."

அந்த நிலையம் மூன்று வருஷமாகக் குடித்த தேத்தண்ணி அத்தனையும் தடயப் பொருளால் கொதித்தது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பெரிய அதிகாரி கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

இப்றாஹிம் அறிக்கை எழுதினார். நிலை: மிக நன்று, இடைவிடாமல் ஊதியதால் துளையில் அடைப்பில்லை. முக்கியத்துவம்: நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தக்கது. பாவனை: கடந்த இருபத்தைந்து வருஷமாக அடுப்பு.

சார்ஜன் அடிமட்டம் வைத்து, முதலாம் இலக்கத்துப் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தார். அவருக்கே மனம் லேசானது.

"இனி ஞாயிற்றுக்கிழமை வரத் தேவல்ல அம்மா. நீங்க போகலாம்."

சீதேவிப்பிள்ளை எழும்பவில்லை. அந்த நிலையத்துக்குள் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அவள் வராவிட்டால் அந்தப் புத்தகத்தை யார் வாசிக்கப்போகிறார்கள்?

"குழல நீங்களே வெச்சிருங்க, சேர்," என்றாள். பிறகு சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள். "இந்த இடம் இப்ப சும்மாதானே கிடக்கு. இதில என்ட மகன்ட பேர எழுதுங்க. அவன் வாற வரைக்கும் கையெழுத்த நான் வந்து வைக்கிறன். பிரிவ வெட்டாதீங்க. அடுப்படி எண்டே கிடக்கட்டும்."