நின்றபடியே இருந்த ஏணி

எங்கள் அச்சகத்தில் மாடி ஜன்னல்களைத் துடைக்க வருகிறவர் ஒல்லியான மனிதர். துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும் அலுமினிய ஏணி வைத்திருந்தார். டீ குடிக்கப் போனாலும் அதைக் கழற்றிப் படுக்கவைத்துவிட்டுத்தான் போவார்.

அன்று அவர் உச்சியில் நிற்க, நான் அடியைப் பிடித்திருந்தேன். தூரத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல்கள் அதிர்ந்தன.

"புகை எந்தப் பக்கம்ணே?" என்று கத்தினேன்.

"உங்க வீட்ல எங்கன வேலைக்குப் போறாக?"

"ஆனைக்குட்டம் பக்கம். பட்டாசுக் கம்பெனிக்கு."

"ஏணிய நல்லாப் பிடிங்க. இறங்கி வந்து சொல்றேன்."

என் கைக்குள் ஏணி நடுங்கியது. நடுங்கியது அவரா நானா என்று இன்றும் தெரியவில்லை. இறங்கியவர் நேரே போய் பைக்கை உதைத்துக் கிளப்பினார். "ஏறுங்க."

தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். ஏணி சுவரில் நின்றபடியே இருந்தது.