அரைத்த பொடியின் படத்தோடு வேங்கிக்காலுக்கு

2006 பிப்ரவரியில் நான் திருவண்ணாமலைக்குப் போனது சாமி கும்பிட இல்லை. மல்லிகாவிடம் ஒரு சந்தேகம் கேட்க. இருவரும் சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் முனைவர் பட்டம் வாங்கி, திருவண்ணாமலையில் கல்லூரி வேலைக்கு வந்துவிட்டாள். எனக்கு ஐந்தாவது வருடம் ஓடியது. “மல்லிகாகிட்ட காட்டிட்டு வா” என்று பேராசிரியர் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர், 62 ரூபாய். பத்தேகாலுக்கு இறங்கினேன். மல்லிகாவின் வீடு இருந்த வேங்கிக்காலுக்கு ஆட்டோக்காரர் ஐம்பது கேட்டார்.

“ஜாஸ்தியா சொல்றீங்களே.”

“பௌர்ணமிக்கு வந்து பாருங்க சார், இதுவே கம்மினு சொல்வீங்க.”

நாற்பதுக்கு வந்தார்.

என் ஆராய்ச்சி, நிக்கலும் மாங்கனீசும் காலியமும் கலந்த ஓர் உலோகத்தைப் பற்றியது. அது குளிரும்போது உள்ளே அணுக்களின் அடுக்கு மாறும். அந்த நிலையில் காந்தத்தைக் காட்டினால் நீளமே மாறும். அடுக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்க, உலோகத்தைப் பொடியாக்கி எக்ஸ்ரே எடுப்போம். ஏழு மாதமாக என் படங்கள் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

மல்லிகா விடைத்தாள் கட்டை நகர்த்திவிட்டு என் படத்தை விரித்தாள். காபி ஆறுவதற்குள் நிமிர்ந்தாள்.

“அரைச்ச பிறகு பொடியை சூடு பண்ணியா?”

“இல்ல.”

“அரைக்கும்போது பட்ட அழுத்தத்துலயே அடுக்கு மாறிடும், சங்கர். காத்து இல்லாத குழாயில அடைச்சு, ஐந்நூறு டிகிரியில பத்து மணி நேரம் வை. மெதுவா ஆறவிடு. சாப்ட்டுட்டு போறியா?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். இதற்கான ஆய்வுக்கூடமே இல்லாத ஊரில் உட்கார்ந்து அவளுக்குத் தெரிவது, உலைக்குப் பக்கத்திலேயே கிடக்கும் எனக்கு ஏன் தெரியவில்லை? செஞ்சி வரை வயிறு எரிந்தது.

மாலை பேராசிரியர் கேட்டபோது, “வழியில யோசிச்சேன் சார், பொடியை சூடு பண்ணணும்” என்றேன்.

“ம். மல்லிகா மத்தியானமே போன் பண்ணா. நாளைக்கு உலையை உனக்கு ஒதுக்கச் சொன்னா.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே படம் சரியாக வந்தது. கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிவிடுங்கள். யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், அவர்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மணிக்குப் பிறகும் சென்னைக்கு அரை மணிக்கொரு பேருந்து இருக்கிறது.