மாஸ்க்கில் எழுந்த மலை

போட்டோ எடுப்பது ஒரு நொடி வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைத் திருத்துவதுதான் பிழைப்பு. மௌஸ் பிடித்துக் கண்ணையும் கழுத்தையும் கெடுத்துக்கொண்டவர்களே, உங்களுக்குப் புரியும். ஊரில் பாதிப்பேர் குவைத்துக்கும் மீதிப்பேர் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், திருப்பதியில் எங்கள் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

கம்பிகள்

திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பறைக்கு மலைப்படம் கேட்டார்கள். நாங்கள் எடுத்த படத்தில் வானம் முழுக்கக் கரண்டு கம்பி. அதற்கு அடியில் வெறும் வானத்தை இன்னொரு லேயராக அடுக்கி, மேல் படத்துக்கு மாஸ்க் என்னும் திரையைப் போட்டேன். திரையில் கறுப்பைத் தடவினேன், கம்பிகள் மறைந்தன. வெள்ளையைத் தடவினேன், திரும்பி வந்தன.

இருட்டறையில் வீணான பேப்பரைக் கிழித்தே பழகிய முதலாளி தெலுங்குக்காரர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரேய், ஏதீ போலேதுரா!" எதுவுமே போகவில்லையே என்கிறார்.

மேகம்

வடமாலபேட்டைக்காரர் ஒருவர் வந்தார், குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகிறவர். கூடவே கொண்டுபோக, தன் நிலத்தின் படத்தைக் கொடுத்தார். உச்சி வெயிலில் எடுத்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. பனையோலை ஒவ்வொன்றாக மாஸ்க் போட்டு, பின்னால் கருமேகம் வைத்தேன். மனுஷன் வாயைத் திறந்தபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேகத்த எடுத்துடு சார். அங்க இதப் பாத்துக்கினு இருந்தா, மழ பேஞ்சுதா பேஞ்சுதான்னு வூட்டுக்குப் போன் போட்டுக்கினே இருப்பேன்."

மலை

குப்பம் பக்கத்துக் குவாரியில் கல் அறுத்த பெரியவர் ஒருவர் வந்தார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள், "நம்ம மலைய ஒரு போட்டோ அனுப்பு நைனா" என்று கேட்டிருக்கிறாள். மலை கிரானைட்டாகக் கப்பலேறிவிட்டது அவளுக்குத் தெரியாது. அவர் கையில் இரண்டு படங்கள். ஒன்றில் இப்போதைய பள்ளம். இன்னொன்றில் சின்னப் பெண்ணாக மகள், அவள் பின்னால் முழு மலை. "இந்தப் பள்ளத்துல அந்த மலைய நிக்க வெக்க முடியுமாப்பா?" என்றார்.

பழைய படத்தைப் பெரிதாக்கி அடியில் வைத்தேன். பள்ளத்தின் மேல் மாஸ்க் போட்டுக் கறுப்பைத் தடவத் தடவ, அடிவாரம் வந்தது, பாறை வந்தது, கடைசியில் உச்சி வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் எழுந்து நின்று, தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

"மலைய மட்டும் பிரிண்ட் போடவா?" என்றேன்.

"பள்ளத்தையும் போடுப்பா. அவகிட்ட மறைக்கக் கூடாது."

இரண்டையும் வாங்கிக்கொண்டவர் வாசல்வரை போய், திரும்பி வந்து கம்ப்யூட்டர் திரையில் நின்ற மலையைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க கும்பலா சேந்து அறுத்த மலப்பா இது. கூப்ட்டவொடனே எழுந்து நிக்குதே, எங்க மேல அதுக்குக் கோவமே இல்லியா?"

மலையையே நிமிர்த்தி வைத்துவிடுகிறேன், என் கழுத்துவலியை எந்த லேயரில் மறைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.