விளம்பரம் இல்லாத மாரி

காமயகவுண்டன்பட்டியில் மாரீஸ்வரியின் வீடியோவைப் பார்க்காத பெண்ணே இல்லை. அப்படித்தான் ஊரே சொன்னது. குழாயடியில் சொன்னார்கள், டவுன் பஸ்ஸில் சொன்னார்கள், கோயில் பொங்கலன்று கூட்டத்துக்கு நடுவே கையைப் பிடித்து இழுத்துவைத்துச் சொன்னார்கள். "ஏ மாரி, அட்டை கடிச்ச கதை சொன்னியே, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சுடி!" என்பார்கள். மாரியும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் செல்லைத் திறப்பாள். அதிலிருக்கும் எண் நேற்று எங்கே படுத்துக் கிடந்ததோ அங்கேயேதான் இன்றும் படுத்துக் கிடக்கும். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல் வரும். அந்தச் செல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டால்தான் என்ன என்று தோன்றும்.

ஓர் எண்ணுக்காக இவ்வளவு பொருமலா என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மாரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன்னே தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். அது கொள்ளுகிற ஆளைப்போல் இரண்டு பங்கு பெண்களைத் திணித்துக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளத்துப் பக்கம் கொண்டுபோய் இறக்கும். பகல் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வர வேண்டும். போன வருஷம் ஐப்பசி மழையில் அந்த ஜீப் ஒரு வளைவில் வழுக்கி, பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாரிக்கு அன்று பிடித்த நடுக்கம் விடவே இல்லை. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வருசம் குடுங்க. செல்லுல பேசிப் பொழச்சுக்கிறேன்" என்று புருஷனிடம் கேட்டாள். புருஷன் சுரேஷ்கண்ணன் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. ஆனாலும் அவன் மறுக்கவில்லை.

"அடுத்த ஐப்பசி வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிருவோம் புள்ள. அதுக்குள்ள உன் சேனல் சொந்தக் கால்ல நின்னுருச்சுன்னா சந்தோசம். இல்லாட்டி மறுபடி ஜீப்புதான். வேற வழி எனக்கும் தெரியல" என்றான்.

இப்படித்தான் 'மாரி பேச்சு' யூடியூப்பில் தொடங்கியது. பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. அடுப்படியில் செல்லைச் சாய்த்து வைத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் எதைத் தடவலாம், கங்காணி பார்க்காத நேரத்தில் எப்படி நிமிர்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொள்ளலாம், தோட்டத்து மலையாளத்தைத் தப்பாகப் பேசி எப்படி மாட்டிக்கொண்டாள், இதெல்லாம்தான் பேச்சு. கேட்கிறவர்கள் விட்டுப் போக மாட்டார்கள். ஆனால் யூடியூப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வருஷத்துக்குள் சனங்கள் பார்த்த நேரமெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய எண்ணைத் தொட்டால்தான் வீடியோவில் ஓடும் விளம்பரக் காசில் பங்கு தருவார்கள். தொடாவிட்டால் ஒரு மண்ணும் கிடையாது. மாரியின் எண் சித்திரையில் கொஞ்சம் நகர்ந்தது, ஆனியில் நொண்டியது, ஆடியில் அசையவே இல்லை.

அப்படியானால் பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்கிறவளெல்லாம் பொய்தானே சொல்கிறாள்? மாரிக்கு இந்தச் சந்தேகம் மனசுக்குள் விழுந்து, நாளுக்கு நாள் வளர்ந்தது. அது வெடித்த நேரத்தில் எதிரே நின்றவள் பவுனு. பவுனு சுரேஷின் அக்காள், அவளும் ஏலத்தோட்டத்துக்குத்தான் போகிறாள். அன்று ஜீப்பிலிருந்து இறங்கி நேரே மாரி வீட்டுக்கு வந்தவள், "ஏத்தா, உன் புது வீடியோவ இன்னைக்கு மலையில ரெண்டு வாட்டி கேட்டேன். ஒரு வரி கூட விடல" என்றாள்.

"சும்மா மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாதீக மதினி. கேட்டிருந்தா இங்கன ஏறியிருக்கும். ஏறலையே! ஊரே கூடி ஒரு பொம்பளைய முட்டாளாக்குறீக" என்று மாரி செல்லை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பவுனுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் பொய் சொல்றேன்னா சொல்ற?" என்றாள். மாரி நீட்டிய கையை மடக்கவில்லை. பவுனு வாசலிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

சுரேஷ்கண்ணனுக்கு ஒரு குணம். விளம்பரத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது. யாராவது கடையில் வீடியோ பார்க்கும்போது நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால், செல் தன்னுடையதாக இல்லாவிட்டாலும் பல்லைக் கடிப்பான். "நம்ம நெட்ட தின்னுட்டு நமக்கே கடை விரிக்கிறான் பாரு" என்பான். அப்படிப்பட்டவன் கையில் வைகாசியிலேயே யூடியூப் வீடியோ பார்க்கிற ஆப் ஒன்று கிடைத்திருந்தது. எங்கேயோ இருக்கிற சில பேர் எழுதி, காசு வாங்காமல் ஊருக்கு விட்ட ஓப்பன் சோர்ஸ் ஆப் அது. வழக்கமாக எல்லாரும் ஆப் இறக்கும் பிளே ஸ்டோரில் அது கிடையாது. தெரிந்தவர்கள்தான் ஏற்றித் தர வேண்டும். செல்லும் சும்மா இருக்காமல், இது ஆபத்து, வேண்டாம் என்று பயங்காட்டும்.

"அது கெடக்குது, பயப்படாதீக. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் தொறந்து பாக்கலாம், மூடுமந்திரம் கெடையாது. விளம்பரம் வராது. உங்க பேரு கேக்காது, நம்பர் கேக்காது. நீங்க என்ன பாத்தீகன்னு ஒருத்தர்ட்டயும் போயிச் சொல்லாது" என்று சொல்லிச் சொல்லி ஏற்றிக் கொடுத்தான். காசு வாங்க மாட்டான். எவ்வளவு என்று கேட்டால், "என் பொண்டாட்டி வீடியோவப் பாருங்க, அது போதும்" என்பான்.

தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு அந்த ஆப் சாமி கொடுத்த வரமாக இருந்தது. மலையில் சிக்னல் கிடையாது. சாயங்காலமே சுரேஷ் கடை வைஃபையில் வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்வார்கள். காய் எடுக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும், செல்லை எடுத்துப் பார்க்க முடியாது. இந்த ஆப் திரையை அணைத்தாலும் பாடும், பேசும். இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். மாரியின் செல்லில் மட்டும் சுரேஷ் அதைப் போடவில்லை. அவள் வீடியோ ஏற்றுவதற்கு வழக்கமான ஆப்தான் வேண்டியிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் அந்த ஆப் படுத்துவிட்டது. அவ்வப்போது இப்படி ஆகும். யூடியூப்காரர்கள் தங்கள் பக்கம் எதையாவது மாற்றுவார்கள். இந்த ஆப் திணறிப்போய் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதியவர்கள் சரிசெய்து புதிதாக விட்டால்தான் உயிர் வரும். இந்த முறை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. கடை வாசலில் பெண்கள் கூடிநின்று சுரேஷைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வேறு வழியில்லாமல் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, வழக்கமான ஆப்பில், விளம்பரத்தைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் மாரியின் எண் எழுந்து நடந்தது! முந்தாநாள் ஒரு எண், நேற்று ஒரு எண், இன்று ஒரு எண். மாரிக்குத் தலைகால் புரியவில்லை. கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். சட்டியை வழித்துப் போட்டபடி, "இப்படியே போனா ஐப்பசிக்குள்ள தொட்டுரும்ங்க" என்றாள். சுரேஷும் நம்பினான்.

பிறகு புது ஆப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுரேஷ் எல்லார் செல்லிலும் ஏற்றிக் கொடுத்தான். மறுநாளே எண் பழையபடி கவிழ்ந்து படுத்துக்கொண்டது. மாரி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்று ஏதோ உறைத்தது. காயை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு நடந்தாள். மேஜை மேல் யாருடைய செல்லோ கிடந்தது. அதிலிருந்து அவள் குரலே பேசிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்த ஆப்புல பாத்தா என் கணக்குல ஏறுமா?" என்று கேட்டாள்.

சுரேஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். யார் என்ன பார்த்தார்கள் என்று ஒருவரிடமும் போய்ச் சொல்லாத ஆப். அதை அவனே ஆயிரம் தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். தன் பெண்டாட்டியின் வீடியோவைப் பார்த்ததையும் அது சொல்லாது என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

"அடப்பாவி மனுசா! ஊர் பூராம் ஏத்துனது நீங்கதானே? கேட்டவளெல்லாம் கேட்டிருக்காளே! நான் மதினியப் பொய்க்காரின்னேனே!" என்று மாரி நடுக்கடையில் தலையில் அடித்துக்கொண்டாள். சார்ஜர் வாங்க வந்தவர் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்விட்டார். சுரேஷ், "எனக்குத் தோணல புள்ள, சத்தியமாத் தோணல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மேல் வந்த கோபத்தைவிட, கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்ற ஆற்றாமைதான் அவளை அழ வைத்தது.

அன்று சாயங்காலமே பவுனு வீட்டுக்குப் போனாள். "தப்பு என் மேலதான் மதினி, மனசுல வச்சுக்காதீக" என்று சொல்லி விஷயத்தையும் சொன்னாள். பவுனு முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பொய்க்காரி பாத்தா என்ன, பாக்காட்டி என்னத்தா?" என்றாள் முதலில். அப்புறம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. "சரி, வீட்டுக்கு வந்து பழைய ஆப்புலயே பாக்குறேன். ஆனா மலையில அந்த ஆப் ஆகாதுத்தா. சிக்னலும் இல்ல, தெரைய அணைச்சா உன் பேச்சும் அணைஞ்சு போகுது. அங்கன நீ பேசுனாத்தான் எங்களுக்குப் பொழுது நகருது" என்றாள்.

தெருவில் மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எல்லாரும் சரி என்றார்கள். தோட்டத்திலிருந்து வந்து, உலை வைத்து, துணி துவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, மலையில் கேட்டு முடித்த பேச்சையே மறுபடி பார்க்க உட்கார்ந்தால், முதல் விளம்பரம் முடியுமுன் கண் சொருகிவிடும். யாரைக் குற்றம் சொல்வது? மாரியே அந்த வேலை பார்த்தவள்தானே. எண் கொஞ்சம் ஏறியது. தொட வேண்டிய எண் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றது. ஐப்பசியும் வந்து முடிந்தது.

ஜீப் ஓட்டும் தங்கப்பாண்டி நல்ல மனுஷர். மாரி வருகிறாளா என்று அவராகக் கேட்கவில்லை. சுரேஷ்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் அவரிடம் ஒரு இடம் சொல்லிவிட்டு வந்தான்.

முதல் நாள் விடியலில் மாரி தெருமுனைக்குப் போனபோது பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். "ஏ, நம்ம மாரிடி!" என்று கையைப் பிடித்துத் தூக்கிப் பவுனு பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்தார்கள். மாரி கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. ஜீப் அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும், வழக்கம்போல் பவுனு இடுப்பிலிருந்த செல்லைத் தட்டிவிட்டாள். மாரியின் குரல் பேசத் தொடங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். மாரியும் சிரிக்கப் பார்த்தாள். ஒரு வீடியோ முடிந்து, அடுத்தது தானாகவே ஓடியது. அது அவள் ஜீப்பை விட்டு நின்ற வாரத்தில் பேசியது.

"இன்னையோட ஜீப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. இனிமே தங்கப்பாண்டி அண்ணே ஆரன் அடிச்சா, நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன். நீங்க போயிட்டு வாங்கடி!"

ஜீப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. பவுனு பதறிப்போய்ச் செல்லை எடுக்கப் பார்த்தாள். ஏற்றத்தில் எல்லாரும் மேலே சரிந்திருந்த நெருக்கத்தில் கை இடுப்புக்குள் போகவில்லை. தங்கப்பாண்டி திரும்பிப் பார்க்காமல் கியரை மாற்றினார். முன்னே முதல் வளைவு வந்தது.

"விடுங்க மதினி, பேசட்டும்" என்றாள் மாரி. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஒரு விளம்பரமாச்சும் குறுக்க வந்து தொலையக்கூடாதா?"

வரவில்லை. மலை ஏறி முடிக்கும்வரை அவள் குரல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தது.