ராணி, ஆறு, நாலு

மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதத்தில்தான் திருப்பூரிலிருந்து முதலாளி சைகோனுக்கு வருவார். சோலோன் என்ற வணிகப் பேட்டையின் மொத்தக் கடைகளில் பட்டனும் ஜிப்பும் பார்ப்பார். அவற்றை வாங்கி அவருடைய கம்பெனிக்கு அனுப்புவதற்காக நான் உட்கார்ந்திருந்த ஒற்றை அறை ஆபீசை எட்டிப் பார்த்து, "பரவால்லீங்க" என்பார். கிளம்புகிற நாள் மத்தியானம் ஓட்டல் கிளப்பில் சீட்டாட்டம். பிறகு விமான நிலையம். அந்தக் கார்ப் பயணத்தில் நான் ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பேன்: "அண்ணே, என்னை ஊருக்கு அனுப்பிருங்க." அவர் ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு வருசம் தம்பி, அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்பார். அவர் விமானம் ஏறிவிடுவார். நான் திரும்பி வருவேன்.

உதறிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பூர் ஆபீசில் எனக்கு ஒரு மேசை போட்டுத்தருவதாகச் சொல்லித்தான் அவர் என்னை இங்கே அனுப்பினார். அந்த மேசை இன்னும் அவர் வாயில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போய் இந்த வயதில் யார் கதவைத் தட்டுவது?

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அப்படிப்பட்டவனுக்கு இது தோதான ஊர் என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்னல் விழுந்ததும் தெரு முழுவதும் ஒரே உறுமலாகக் கிளம்பும். நானும் அதோடு கிளம்புவேன், எங்கே என்று தெரியாமல். பிறகு உறுமல் மட்டும் காதில் தங்கியது, கிளம்புவது நின்றுபோயிற்று. காரைக்கால் வீட்டில் எனக்கென்று ஒரு மர நாற்காலி உண்டு. வீடியோ அழைப்பில் மனைவிக்குப் பின்னால் தெரியும். முதலில் காலியாக இருந்தது. பிறகு அதன் முதுகில் ஒரு துண்டு. பிறகு இஸ்திரி போட்ட துணிகள். நான் சொல்லப்போகும் வருடம் நாற்காலியே தெரியவில்லை. துணிதான் நாற்காலி வடிவத்தில் உட்கார்ந்திருந்தது.

"அதை எடுத்து வைக்கலாம்ல?" என்றேன்.

"வாங்க, எடுக்கிறேன்" என்றாள்.

கிளப்புக்குள் நுழைய வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் உள்ளே காபி கொண்டுவரலாம், ஆடக் கூடாது. முதலாளிக்குப் பிடித்தது ஐந்து இருக்கைகள் கொண்ட ஒரு மெஷின். எதிரே பெரிய திரை. அதற்குள் வியட்நாம் நீள அங்கியான ஆவ் யாயைச் சிவப்பில் உடுத்திய ஒரு பெண், வெறும் படம்தான். சீட்டுப் போடுவாள், சிரிப்பாள், சில சமயம் கண்ணைத் தாழ்த்துவாள். நம் சீட்டு நமக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் வரும்.

ஆட்டம் எளிது. முதலில் ஒரு பந்தயம், உடனே மூன்று சீட்டு. பிடித்திருந்தால் அதே அளவு இன்னொரு பந்தயம் வைத்து ஆடலாம். இல்லையென்றால் வைத்ததை விட்டுவிட்டு விலகலாம். அவளுக்கும் மூன்று சீட்டு. அதில் பெரியது ராணிக்குக் கீழே இருந்து, ஜோடி கீடி எதுவும் இல்லையென்றால், அவள் ஆட்டத்துக்குள்ளேயே வர மாட்டாள். முதல் பந்தயத்துக்கு மட்டும் நமக்குக் கிடைக்கும். புதிதாக ஆடுகிறவன் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே வரிதான். கையில் ஜோடியோ வரிசையோ ஒரே நிறமோ இல்லாதபோது ராணி, ஆறு, நாலு. அதுவோ அதற்கு மேலோ என்றால் ஆடு. கீழே என்றால் விலகு. விருந்தாளிகளைக் கூட்டிவந்து காத்துக்கிடந்த மத்தியானங்களில் அதைக் கற்றேன். முதலாளிக்கும் சொல்லிவைத்திருந்தேன். கவிதை என்று நான் எழுதிய எந்த வரியும் இவ்வளவு சிக்கனமாக இருந்ததில்லை.

முதலாளி நோம்பி, பண்டிகை நாட்களில் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர். சீட்டைப் பார்க்காமலே பந்தயத்தை ஏற்றி, மீசையைத் தடவி, எதிராளியை முறைத்து விரட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த ஆட்டம். மெஷினில் சீட்டு தானே திறந்துகொள்கிறது. அதனால் அந்த வருட ஆட்டத்தில் கைக்குட்டையை விரித்துச் சின்னத் திரையை மூடிக்கொண்டார்.

"அண்ணே, சீட்டைப் பாருங்க."

"பாத்தா பயம் வந்துருமுங்க தம்பி. பிளைண்டுல போனாத்தான் எதிராளிக்கு வெசனம்."

"எதிராளியே இல்லண்ணே. அது படம்."

"படத்துக்குப் பின்னால எவனோ ஒருத்தன் குக்கியிருப்பானுங்க."

முறைத்தார். பொத்தானை அமுக்கினார். அவளுக்கு ஜாக்கிதான் பெரியது. கண்ணைத் தாழ்த்தினாள்.

"பாத்தீங்களா? தலையத் தொங்கப் போட்டுட்டா!" என்று என் தொடையில் அடித்தார்.

"ராணி வரலண்ணே. ராணி வரலன்னா தலை குனியணும்னு அவளுக்கு எழுதி வச்சிருக்கு."

"எழுதி வச்சவனே பயந்துட்டானுங்க."

அந்த ஒரு குனிதலை நம்பி மத்தியானம் முழுவதும் முறைத்தார். அவள் ராணியும் ராஜாவுமாக எடுத்துப் போட்டுக்கொண்டே சிரித்தாள். பயப்படும் உரிமை அவளுக்கு இல்லை என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? கோடி இருக்கையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கொரியாக்காரர் தன் சீட்டில் கண்ணாக இருந்தார். வெளியே மழை பிடித்திருக்க வேண்டும்; உள்ளே வந்தவர்களின் செருப்புகள் கம்பளத்தில் சத்தமில்லாமல் ஈரம் வைத்தன. எனக்குக் கொட்டாவி வந்தது, அதை மறைக்கவும் சலிப்பாக இருந்தது.

கடைசி ஆட்டம் என்றார். முதன்முறையாகக் கைக்குட்டையை எடுத்தார்.

ராணி, ஆறு, மூணு.

"சொல்லுங்க கவிஞரே."

"ஸ்கூட்" என்றேன். ரம்மியில் சீட்டைக் கவிழ்த்து விலகுவதற்கு எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் சொல். காபிக் கோப்பை எடுக்க வந்த பெண் நின்றாள்.

"ஸ்கூட்டரா சார்? ஸே ஓம் கூப்பிடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு இங்கே அந்தப் பெயர், கட்டிப்பிடிக்கிற வண்டி. வேண்டாம், விலகச் சொன்னேன் என்றேன். "இந்த மழையில் விலகிப் போகவும் வண்டி வேண்டுமே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு வர வேண்டிய எடத்துல மூணுங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்களே கொறையுது."

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. "நீங்களும் ஒண்ணே ஒண்ணுன்னுதாண்ணே சொல்றீங்க, ஒவ்வொரு தடவையும்."

அவர் திரும்பினார். மத்தியானம் முழுக்க அவளுக்குக் கொடுத்த முறைப்பு இப்போது எனக்கு. நான் ஏதாவது கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேனா, வெறும் மிரட்டலா என்று பார்த்தார். மிரட்டத் தெம்பு வேண்டும். என்னிடம் அது இல்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். திரையின் அடியில் நேரக் கோடு சுருங்கிக்கொண்டே வந்தது. அது தீரும் முன் விலகுவதற்கான பொத்தானை அமுக்கினார்.

"ஸ்கூட்டுங்க" என்றார், யாரிடமோ.

கொரியாக்காரருக்காக அவள் சீட்டைத் திறந்தாள். ஜாக்கி. கண்ணைத் தாழ்த்தினாள்.

"செயிச்சிருப்பமுங்க!"

"ஆமாண்ணே."

"அப்ப நீங்க சொன்னது தப்பு."

"இல்லண்ணே. அவ கையில என்ன இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றதில்ல அது. நம்ம கையப் பாத்துச் சொல்றது."

காரில் அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அந்த வாக்கியமே தேய்ந்து போயிருந்தது. மழைக்கோட்டுகள் பச்சையும் ஊதாவுமாக இரு பக்கமும் வழிந்தன. ஒரே கோட்டுக்குள் ஒரு குடும்பமே தலையை நுழைத்துக்கொண்டு போயிற்று. அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். விமான நிலையத் திருப்பத்தில்தான் வாய் திறந்தார்.

"ஏனுங்க தம்பி, உங்க எடத்துல போடற ஆளுக்கு இந்தப் பாசை தெரிஞ்சிருக்கோணுமுங்களா?"

ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன்.

"எண்ணத் தெரிஞ்சா போதும்ணே" என்றேன். "மத்ததெல்லாம் பழகிரும்."

அறைக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். ஊருக்கு வரப்போவதைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. திரும்பி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இத்தனை துணியையும் எங்கங்க வைக்கிறது?" என்றாள்.