மேஸ்திரி அண்ணன் தோற்ற பந்தயம்

மேஸ்திரி அண்ணன் ஆற்றிலிருந்து கரையேறியதும் தலையைத் துவட்டமாட்டார். இடது கையால் முகத்தை ஒரு தடவை வழித்து உதறிவிட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே சைக்கிளைத் தள்ளி ஏறி உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் துண்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் பாலத்துப் பக்கம் திரும்பியிருப்பார். இவரைப்போல் நாமும் இருக்க வேண்டும் என்று நான் நினைத்த மனிதர் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். அவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் இரண்டு மூன்று மாதம். அந்தத் தண்ணீரை நம்பி நீச்சல் பந்தயம் வைத்த ஊர் எங்கள் விருத்தாசலம். அறுபதுகளின் பிற்பாதியில், காணும் பொங்கலன்று, ஊர் இளவட்டங்கள் சேர்ந்து நடத்துவார்கள். மேல்கரை மடுவில் குதித்துப் படித்துறை வரை நீந்த வேண்டும். ஈரத்தோடு சைக்கிளில் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சி போய்த் திரும்ப வேண்டும். தெற்குக் கோபுர வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேரோடும் வீதிகளில் கோயிலைச் சுற்றி ஓட வேண்டும். எங்கள் கோயிலில் கோபுரம், தேர், தீர்த்தம் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும். பந்தயம் மட்டும் ஏன்டா மூன்றோடு நின்றுபோச்சு என்று பெரியவர்கள் கிண்டல் செய்வார்கள். மழை ஏமாற்றிய வருஷத்தில் மடுவில் இடுப்பளவுதான் இருக்கும். பாதிப் பேர் நீந்துவதுபோல் கையை அடித்துக்கொண்டு காலால் நடப்பார்கள். அண்ணன் மட்டும் அந்தத் தண்ணீரிலும் முழங்கால் மணலில் உரச உரச நீந்தித்தான் வருவார். மூன்று வருஷம் தொடர்ந்து அவர்தான் முதல்.

பீங்கான் ஆலையில் அவர் சூளை மேஸ்திரி, நான் அவர் கையாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி எல்லாம் காய்ந்ததும் டிராலியில் அடுக்கித் தண்டவாளத்தில் தள்ளிச் சூளைக்குள் விடவேண்டும். சூளை வாசலுக்குப் போகிற பாதை லேசான சரிவு. சரக்கேற்றிய டிராலி உருளாமல் இருக்க, சக்கரத்தின் அடியில் ஒரு முழ நீளக் கருவேலங்கட்டையை வைப்போம். அதை வைப்பது மேஸ்திரியின் பொறுப்பு. வேறு யாரும் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அண்ணன் குனிந்து வைப்பார், குதிகாலால் ஒரு உதை விடுவார், போய்விடுவார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. "வெச்சா வெச்சதுதான்டா, அத என்ன திரும்பித் திரும்பிப் பாக்குறது" என்பார்.

அவர் மூன்றாவது தடவை ஜெயித்த வருஷம், ஆயுத பூஜை. காலையிலிருந்தே ஆலையில் வேலை இல்லை, கழுவுவதும் துடைப்பதும்தான். அச்சு, சல்லடை, அரவை எந்திரம், தராசு, மண்வெட்டி, மேனேஜர் மேஜையின் முத்திரை வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் பரப்பியிருந்தோம். சந்தனக் கிண்ணம் என் கையில். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதில் எனக்குப் பெரிய கவனம். அப்போதுதான் அந்தக் கட்டை ஞாபகம் வந்தது. வருஷம் பூராவும் எங்கள் உயிரைக் காப்பாற்றுவது அது. அதற்கு ஒரு பொட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டேன். இதை அண்ணன் பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்றும் நினைத்தேன். சரிவில் சரக்கோடு நின்ற டிராலி அசையாமல் இருக்கவே, கட்டையை மெல்ல உருவிக் குழாயடியில் கழுவி, சந்தனம் இட்டு, மண்வெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் அப்போது சரிவின் கீழே, சூளை வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

டிராலி சரிவில் உருண்டுவிட்டது. ஜாடிகள் உடைகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அவர் கத்தினார். எல்லோரும் அங்கே ஓடினார்கள். நான் எதிர்ப்பக்கம், பூஜை வரிசைக்கு ஓடினேன். கட்டையை எடுத்துச் சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து, தண்டவாளத்து ஓரமாகப் போட்டேன். அதற்குப் பிறகுதான் டிராலியைத் தூக்க நானும் கை கொடுத்தேன். நான் செய்தது யாருக்கும் தெரியவில்லை. அண்ணனின் வலது முழங்கால் சில்லு நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் பக்கத்தில் அண்ணி இருந்தார்கள், நான் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று அவர் பக்கம் குனிந்தேன். அதற்குள் அவரே பேசினார். "கட்டை ஓரமா கெடந்துச்சாமே. வெச்ச ஞாபகம் இருக்குதுடா. ஆனா ஒழுங்கா வெச்சிருந்தா அது ஏன் உருளுது? நல்லவேள, நீ அங்க நிக்கல. நின்னிருந்தா ஒன்னக் கொன்னுருப்பேன்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவர் என் கையை விட்டுவிடுவார் என்றும் பயந்தேன்.

ஆறு மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது மேஸ்திரி வேலையே வேண்டாம் என்றார். ஆலை கேட்டில் வருகிற லாரிகளைக் குறித்துக்கொள்கிற உத்தியோகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் இடத்தில் வேறு யாரையும் போடாமல் மேனேஜரே தன் வேலையோடு அதையும் பார்த்தார். கால் ஓரளவு தேறிவிட்டது, தேறாதது வேறொன்று. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். தெருமுனை வரை வந்தவர் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. இன்னொரு நாள் போனபோது அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னார்கள்: "அடுப்ப அணைச்சனான்னு என்னயே நாலு தடவ கேக்குறாங்க தம்பி. ராத்திரி எந்திரிச்சிப் போயி சாம்பலத் தொட்டுப் பாக்குறாங்க. வூட்டுல ஒரு மனுசன் தன்னயே நம்பாம இருந்தா எப்பிடித் தம்பி?" நான் அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த பொங்கலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பந்தயத்தில் மறுபடி இறங்கப் போகிறேன் என்றார். "ஓடி முடிச்சிட்டன்னா மேனேஜர்கிட்ட போயி என் வேலையக் கேப்பன்டா. ஜெயிக்கணும்னு இல்ல. நான் பழைய ஆளுதான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்." அதைக் கேட்டு என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இருக்க முடியாது. அவர் ஓடி முடித்துவிட்டால் என் பாவமும் கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்படியே ஆகட்டும், அன்றைக்கே காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். தினமும் விடியற்காலையில் அவரோடு ஆற்றுக்குப் போனேன், கருவேப்பிலங்குறிச்சி சாலையில் அவர் சைக்கிளுக்குப் பின்னால் மிதித்தேன். முழங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். ஊரே என்னை மெச்சியது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. மடு நிறைந்து கிடந்தது. அவர் படித்துறையில் இரண்டாவதாகக் கரையேறினார். முகத்தை அதே இடது கையால் வழித்து உதறினார். நான் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் குறுக்குச் சந்து வழியாகத் தெற்குக் கோபுர வாசலுக்கு வந்து காத்திருந்தேன். சைக்கிள்களை நிறுத்துகிற இடம் அதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். வீதி முனையில் முதல் தலை தெரிந்தது. அண்ணன்! பின்னால் யாரையும் காணோம். கூட்டம் விசிலடித்தது. திட்டக்குடியிலிருந்து வந்திருந்த அண்ணியின் தம்பி மாலையை இலையிலிருந்து பிரித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் இறங்கினார், ஸ்டாண்டைப் போட்டார், ஓடினார். வலது கால் லேசாக இழுத்தது, ஆனால் ஓட்டம் ஓட்டம்தான். பத்தடி போயிருப்பார். நின்றார். திரும்பி வந்து ஸ்டாண்டைக் காலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஓடினார். மறுபடி நின்று திரும்பினார். கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது தடவை அவர் வந்து சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது யாரோ சிரித்தார்கள். பிறகு வாசலே சிரித்தது. "யோவ் மேஸ்திரி, சைக்கிளு எங்கயும் ஓடிப் போவாதுய்யா, நீ ஓடு!" என்று ஒருவர் கத்தினார். அந்த நேரத்தில் அடுத்த சைக்கிள் வந்தது, அதற்கடுத்தது வந்தது. இறங்கியவர்கள் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நான் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நீங்க ஓடுங்க. விழாதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வேர்வையா கண்ணீரா தெரியாமல் முகமெல்லாம் ஈரம். "ஒன்ன நம்புறன்டா," என்றார். "என்னத்தான் நம்ப முடியல." அப்போது சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, அன்றைக்கு நீங்கள் கட்டையைச் சரியாகத்தான் வைத்தீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டிருந்தால் அந்தச் சைக்கிளை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடியிருப்பார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் ஓடவில்லை; அங்கேயே கோயில் மதிலோரமாக உட்கார்ந்துவிட்டார். மாலையை அண்ணியின் தம்பி மறுபடி இலையில் சுற்றினார்.

எழுபதுகளின் கடைசியில் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டார். போகிற வரை கேட்டில்தான் இருந்தார். போன மாசியில் அண்ணியும் போய்ச் சேர்ந்தார்கள். இனி இதைக் கேட்டு என்னை வெறுப்பதற்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன் போலிருக்கிறது. இன்றைக்கு மணிமுத்தாற்றில் நீந்தத் தண்ணீரும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆனால் கோயில் வீதியில் யாராவது வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பந்தயம் நடந்த அந்தப் பொங்கல் கழிந்து ஆலை திறந்த அன்று, என்ன ஆனாலும் சரி, சொல்லிவிடுவது என்றுதான் கேட்டுக்குப் போனேன். அண்ணன் எனக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "வாடா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து, நேராக மேனேஜர் அறைக்குள் கூட்டிப்போனார்.

"சார், இனிமே என்னால அந்த வேலைக்கு வர முடியாதுங்க. மேஸ்திரியா இவனப் போடுங்க. கவனமான பையன். கட்டை விஷயத்துல இவன நம்பலாம்" என்றார்.

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, பாத்துக்குவியா?" என்று கேட்டார். அண்ணனின் கை என் தோளில் இருந்தது.

"பாத்துக்குறேங்க சார்" என்றேன்.